இருபத்தொன்பது புடவைகள்

பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்டுவது சுலபம். முந்தானைப் பக்கம் பிடித்து ஒரு வீசு வீசினால் கவுன்டர் முழுக்க விரிந்துகொள்ளும். வந்தவர்கள் பார்டரைத் தடவுவார்கள், தோளில் வைத்துக் கண்ணாடி பார்ப்பார்கள், அடுத்த கலர் கேட்பார்கள். முப்பது பிரித்தால் ஒன்று பில்லாகும். மிச்சம் இருபத்தொன்பதையும் பழைய மடிப்பிலேயே மடித்து, ஜரிகை நசுங்காமல் ரேக்கில் ஏற்ற வேண்டும். விரலைத் தின்பது அந்த வேலைதான்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் 2006 முதல் இருக்கிறேன். வீடு காலடிப்பேட்டை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. காலெட்பேட்டை என்பது வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. வண்ணாரப்பேட்டையோ கிழக்கிந்தியக் கம்பெனித் துணியை வெளுத்தவர்களின் ஊர். நெய்தவர்கள் ஊரில் தூங்கி எழுந்து வெளுத்தவர்கள் ஊரில் துணி விற்கிறேன் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றதெல்லாம் ஏன் இவ்வளவு வலித்தது என்று புரியாது.

2015 ஆடித் தள்ளுபடி சமயத்தில்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பேஸ்ட் மூடியைத் திருக முடியாது. ரவிக்கைக் கொக்கி போட முடியாது. ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கை என் சொல் கேட்கும். சீசன் வேலை, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். வாயு என்றார்கள், சுண்ணாம்புச் சத்து குறைவு என்றார்கள், பழைய சிக்குன்குனியா என்றார்கள். ஆடி முடிந்து ஆவணியும் முடிந்தது. வீக்கம் மட்டும் வடியவில்லை.

கடைசியில் ஸ்டான்லிக்குப் போனேன். என் மாமியார் அதை இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார். 1782-இல் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தைச் சுற்றி வளர்ந்த ஆஸ்பத்திரி அது. ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, முடக்கு வாதம் என்று டாக்டரம்மா சொன்னார். தேய்மானத்தால் வருகிற முட்டிவலி வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். “போகவே போகாதா?” என்று கேட்டேன். “கட்டுப்பாட்டில் வெச்சுக்கலாம்மா. விட்டுட்டா மூட்டைக் கோணலாக்கிடும்” என்றார். அந்த நேர்மைக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று சீட்டில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்கள். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். கல்லீரலும் ரத்த அணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, குறித்த இடைவெளியில் ரத்தம் கொடுக்க வேண்டும். மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதக் காலண்டரில் ஞாயிறு தோறும் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துவிடுவார். மாத்திரையைப் போட்டதும் அந்தப் பொட்டின் மேல் விபூதியைத் தடவிவிடுவார். பத்து வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தப்பவில்லை. முடக்கத்தான் கீரையை அரைத்து தோசையும் ஊற்றித் தருகிறார். “சாப்பிடுங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க” என்று டாக்டரம்மா சொன்னதால் வீட்டில் அந்த விஷயத்தில் சண்டையே வரவில்லை.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் பக்கம் வரிசையில் நின்றால் எப்போது வீட்டுக்கு வருவார் என்று சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முன் சமையலறைக்குள் போய் ஊறுகாய் பாட்டில், எண்ணெய் டப்பா, குக்கர், மாத்திரை டப்பி என்று எல்லா மூடியையும் ஒரு திருகு தளர்த்தி வைத்துவிட்டுப் போவார். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. நானாகக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆனது.

கடையில் மட்டும் மறைத்தேன். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது. யாரும் எழுதி ஒட்டிவைத்த விதி கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கஸ்டமர் இல்லாத நேரத்தில் ரேக்கில் சாய்ந்தால்கூட மேலேயிருந்து குரல் வரும். குடோனுக்குச் சரக்கு எடுக்கப் போகிற சாக்கில் துணி பேல் மேல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்வேன். நோய் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். வெளியே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறேன், யார் நம்புவார்கள் என்ற பயம் இன்னொரு பக்கம்.

கண்டுபிடித்தவர் ராயபுரத்து அக்கா. எங்கள் செக்‌ஷனில் சீனியர். ஒரு திங்கட்கிழமை, மாத்திரை போட்ட மறுநாள், குமட்டலோடு நின்றுகொண்டிருந்தேன். கவுன்டரில் புடவைகள் மலைபோலக் கிடந்தன. ஒரு காஞ்சிபுரத்தை மூன்று தடவை மடித்து மூன்று தடவையும் கோணிவிட்டது. அக்கா பக்கத்தில் வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். “எத்தினி நாளா இப்டி?” என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் புடவையை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. பேசுவதும் கலர் சேர்ப்பதும் விலை சொல்வதும் நான். மடிப்பது அக்கா. மேல் தட்டிலிருந்து எடுத்துப் போடுவது காசிமேட்டுத் தம்பி. காலையில் என் முகத்தைப் பார்த்ததும், “இன்னாக்கா, இன்னிக்கு கை மக்கர் பண்ணுதா?” என்று கேட்பான். ஆமாம் என்றால் அன்றைக்குக் கனமான கல்யாணப் புடவைகள் என் பக்கம் வராது. இல்லை என்றால் வழக்கம்போல எல்லாம் வரும். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

உதவி என்ற பெயரில் வேறு சிலவும் வந்தன. “பேசாம வீட்ல ரெஸ்ட் எடு” என்றவர்கள் உண்டு. டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் மேலே யோசித்தார்கள். ஆனால் புடவையையே தொடாத வேலை எனக்கு எதற்கு? அரக்கு பார்டருக்கு எந்தப் பச்சை சேரும் என்று பத்து வருஷமாகக் கற்ற கண்ணும் நாக்கும் நன்றாகத்தானே இருந்தன. அக்காவும் தம்பியும் என் வேலையை என்னிடமிருந்து எடுக்கவில்லை. என் விரலால் முடியாததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு எடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து செய்கிற உதவி அபூர்வம். அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன். அவர்கள் கொடுத்த தைரியத்தில்தான் சூப்பர்வைசர் அண்ணாச்சியிடம் நானே போய் நோயின் பெயரைச் சொன்னேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிப்பதால், வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சான்று வாங்கினால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும் என்பதையும் அவர்தான் விளக்கினார். என்னைப் போல நிற்கிற பல பெண்களுக்கு இது தெரிவதில்லை.

அப்புறம் 2021 வந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், நல்ல நாட்களில் அதில்தான் போகிறேன். முட்டி வீங்கிய நாளில் அந்த உயரப் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாது; அன்றைக்கு லிப்ட் இருக்கிற மெட்ரோ. செப்டம்பரில் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-லேயே வாங்கிய உரிமை.

எங்கள் கடைக்கும் ஸ்டூல்கள் வந்தன. முதல் இரண்டு வாரம் யாரும் உட்காரவில்லை. இத்தனை வருஷம் நின்ற காலுக்கு உட்காருவது தப்பு செய்வது போல இருந்தது. ஒரு மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ராயபுரத்து அக்காதான் சத்தமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அன்றைக்குக் கால் வலி எதுவும் இல்லை. என்னைப் பார்த்தார். நானும் உட்கார்ந்தேன். அப்புறம் அந்தத் தளத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் கால் வலித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் காலை மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று பேரையும் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமான புதிதில் மாமியாரோடு போயிருக்கிறேன். நோய் வந்தபின் முடியவில்லை. குணமாக்கு என்று அழுது வேண்டிய காலம் இருந்தது. ஏன் கேட்கவில்லை என்று கோபித்து, சில மாதம் கோயில் பக்கமே போகாமலும் இருந்தேன்.

திருவொற்றியூரில் கேட்டு வளர்ந்த கதைதான் என்னைத் திரும்ப அழைத்து வந்தது. இங்கே மகிழ மரத்தடியில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் இழந்தார். திருவெண்பாக்கத்தில், இப்போதைய பூண்டி ஏரிப் பக்கம், அவர் கேட்டது கண், கிடைத்தது ஊன்றுகோல். அந்தக் கோலை ஊன்றித்தான் காஞ்சி வரை நடந்தார். ஒரு கண் அங்கே, இன்னொன்று திருவாரூரில். சின்ன வயதில் கேட்டபோது கண் கிடைத்ததுதான் கதை என்று நினைத்தேன். இப்போது அந்த இடைவழிதான் மனதில் நிற்கிறது. கோலை ஊன்றிக்கொண்டு, பார்வை இல்லாமல், பாடிக்கொண்டே நடந்திருக்கிறார். எனக்கும் கோல் கிடைத்திருக்கிறது, ஒன்றல்ல, நிறைய. கண் இன்னும் வரவில்லை. நடக்கிறேன்.

ராயபுரத்து அக்கா மாதா பக்தை. பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார் என்பதே அவர் மகள் சொல்லித்தான் தெரியும்.

போன பௌர்ணமிக்கு லீவு கிடைத்தது. மூன்று கோயிலும் முடியாது, வடிவுடையம்மனை மட்டுமாவது பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். “நானும் வர்றேன்” என்றார். நல்ல கூட்டம். வரிசையைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிவிடலாமா என்று ஆகிவிட்டது. அக்கா என்னை மண்டபத் தூணோரம் உட்கார வைத்துவிட்டு, போய் வரிசையில் நின்றார். ஒன்றரை மணி நேரம். கழுத்துச் சிலுவையைப் புடவைக்குள் எடுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் நின்ற பாட்டியோடு என்னவோ பேசிக்கொண்டே நகர்ந்தார். சன்னிதி நெருங்கியதும் கையை ஆட்டிக் கூப்பிட்டார். நான் எழுந்து போய் அவர் இடத்தில் நின்றேன். அவர் வரிசையை விட்டு விலகி வெளியே போகும்போது திரும்பிச் சொன்னார்: “படி ஈரமா கீது, பாத்து வாம்மா.”