செபிரோவும் கறியும்

ஜப்பான்காரர்கள் கோட்டு சூட்டை 'செபிரோ' என்பார்கள். தையல்கடைகளுக்குப் பேர்போன லண்டன் சாவில் ரோ தெருவின் பெயர்தான் அங்கே போய் இப்படித் திரிந்தது என்று ஒரு கதை உண்டு. வேறு விளக்கங்களும் சொல்கிறார்கள், எனக்கு என்னவோ இந்தத் தெருக்கதைதான் பிடித்திருக்கிறது. உள்ளே போடும் சட்டை 'வைஷாட்சு'. ஆங்கில 'ஒயிட் ஷர்ட்'தான், ஆனால் நீலச் சட்டையும் அங்கே வைஷாட்சுதான்!

எதிர்த் திசையிலும் சரக்கு போயிருக்கிறது. பெரும் பணக்கார முதலாளியை ஆங்கிலத்தில் டைகூன் என்கிறோமே, அது 'தைகுன்', 1850களில் வெளிநாட்டுக்காரர்களிடம் அப்போது ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனைக் குறிக்கப் புழங்கிய பட்டம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஜப்பானுக்குக் கறி போனது இந்தியாவிலிருந்து நேராக இல்லை, பிரிட்டிஷ்காரர்கள் வழியாக. டப்பாவில் வந்த கறிப்பொடி, கோதுமை மாவை வெண்ணெயில் வறுத்துக் கெட்டியாக்கிய குழம்பு, பக்கத்தில் சோறு. பிரிட்டிஷ் கடற்படையைப் பார்த்து வளர்ந்த ஜப்பான் கடற்படை இதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இன்றும் அவர்களுடைய கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறிதான், யோகோசுகா ஊரில் 'கடற்படைக் கறி' என்று போர்டு வைத்தே விற்கிறார்கள். ஜப்பானியர்கள் வாயில் அது 'கரே'. கர்ரி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் நம்ம 'கறி' என்றுதான் பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன, ஆக கப்பல் கப்பலாக மாறிப் போயும் முதல் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. ருசிதான் நமக்குக் கொஞ்சம் இனிப்பாகத் தெரியும், சில வீடுகளில் ஆப்பிளைத் துருவிப் போடுகிறார்களாம் 😄