பழைய காருக்கு மடக்குச் சாவி

காருக்கு வயதாகிவிட்டது என்றாலும் ஓட்டத்தில் குறையில்லை. சாவிதான் மானத்தை வாங்கியது. ரப்பர் பட்டன் கிழிந்து ஓட்டையாகி, உள்ளே இருக்கும் சுவிட்சை நகத்தால் குத்தினால்தான் கதவு திறக்கும். "பட்டனை அமுக்கினா டக்குனு விரியற மடக்குச் சாவி போட்டுடலாம் மாமா, அஞ்சு நிமிஷ வேலை" என்றான் மைத்துனன். எந்த வேலையானாலும் அவனுக்கு அஞ்சு நிமிஷம்தான்.

வாங்கியது வெறும் கூடு. உள்ளே சர்க்யூட் போர்டு கிடையாது, தகடும் வெட்டப்படாமல் மொழுமொழுவென்று இருந்தது. சாவி வெட்டுபவரிடம் கொண்டுபோனால் என் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேஞ்ச சாவியைப் பாத்து வெட்டினா தேஞ்ச சாவிதான் வரும். வீட்ல புழங்காத ஸ்பேர் இருக்கும்ல, அதைக் கொண்டாங்க" என்றார். அன்றைய தினம் விவரமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மடக்குச் சாவியில் வில்லங்கமே ஸ்பிரிங்தான். அதை ஒரு சுற்று முறுக்கி, முறுக்கு விடாமல் பிடித்துக்கொண்டே தகட்டைச் செருகிக் கூட்டை மூட வேண்டும். மனிதனுக்கு இருப்பதோ இரண்டு கை. மைத்துனன் முறுக்கினான், விட்டான். ஸ்பிரிங் என் காதோரமாகப் பறந்து சோபாவுக்கு அடியில் போனது. இரண்டு பேரும் டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்திருந்தபோது மனைவி எட்டிப் பார்த்து, "கார் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

பழைய சாவியின் போர்டையும் புதுக் கூட்டுக்குள் வைத்து, ஒருவழியாக மாட்டியாகிவிட்டது. பட்டனை அமுக்கினால் கதவு திறக்கிறது, இண்டிகேட்டர் கண் சிமிட்டுகிறது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். எஞ்சின் உறுமியது, உடனே அணைந்தது. மறுபடியும் அதே கதை. டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு வேறு விடாமல் மின்னியது.

"பெட்ரோல் இருக்கா மாமா?"

பெட்ரோல் இருந்தது. இல்லாமல் போனது சிப். கதவைத் திறக்கும் போர்டு வேறு, எஞ்சினுக்கு அனுமதி தரும் சிப் வேறு. அதற்கு பேட்டரிகூடத் தேவையில்லை. இக்னிஷனைச் சுற்றியிருக்கும் காயிலிலிருந்தே மின்சாரம் வாங்கிக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். எண் சரியாக இல்லையென்றால் எஞ்சினை ஓட விடாது. திருடனுக்காகச் செய்த ஏற்பாடு, மைத்துனனையும் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறது.

"பழைய கூடு எங்கடா?"

குப்பைத் தொட்டியில். கிளறி எடுத்து இக்னிஷன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு புதுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. அப்புறம் கூட்டின் மூலையில் பசையோடு ஒட்டிக்கிடந்த அந்தக் கறுப்புப் பொடியனை உடையாமல் நெம்பி எடுத்து, புதுக் கூட்டில் அதற்கென்று இருந்த குழியில் வைத்து மூடினோம்.

இப்போது சாவி பிரமாதமாக விரிகிறது, பல நேரம் பேன்ட் பைக்குள்ளேயே. மனைவியிடம் நீட்டினேன். அவள் ஸ்பேர் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "எனக்கு இதுவே போதும். இதுல பறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."