ஹாக்கின்டாஷ் கட்டப் பாகம் தேர்வு: வாங்குவதற்கு முன் என்ன படிக்க வேண்டும்

ஹாக்கின்டாஷ், அதாவது மேக்ஓஎஸ் ஓடும் ஆப்பிள் அல்லாத கணினி, கட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது "எந்த மதர்போர்டு வாங்கலாம்?" என்றுதான். ஆனால் அது நான்காவதாக வர வேண்டிய கேள்வி. எந்த மேக்ஓஎஸ் பதிப்பு வேண்டும், அந்தப் பதிப்பில் எந்த கிராபிக்ஸ் கார்டு ஓடும், எந்த ப்ராசஸர், இவை மூன்றும் முடிவான பிறகே போர்டு. வரிசையை மாற்றிப் போனவர்கள்தான் பாதிப் பணத்தை இரண்டாம் முறை செலவழிக்கிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் கணினியில் மட்டுமே நிறுவலாம் என்பது அதன் உரிம ஒப்பந்தத்தின் நிபந்தனை. அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-ல் இப்படிக் கணினி கட்டி விற்கப் போய், ஆப்பிள் தொடுத்த வழக்கில் தோற்றது. கற்றுக்கொள்ளவும் சொந்த உபயோகத்துக்கும் கட்டுகிறவர்களுக்கும் அந்த நிபந்தனை மாறிவிடாது. கட்டி விற்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படிப்பை ஒரு தாளில் தொடங்குங்கள். மூன்று நெடுவரிசை போடுங்கள்: சிப்பின் பெயர், அதை ஓட்டும் கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ்ஸின் டிரைவர் கோப்பு), அது வேலை செய்யும் கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு. கிராபிக்ஸ், ப்ராசஸர், ஈதர்நெட், வைஃபை, ஆடியோ, எஸ்எஸ்டி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மூன்று கட்டமும் நிரம்பாத பாகத்துக்குப் பணம் கட்டாதீர்கள். பெட்டியின் மேல் இருக்கும் பிராண்ட் பெயர் இந்தத் தாளில் எங்கும் வராது என்பதைக் கவனியுங்கள். மேக்ஓஎஸ் பார்ப்பது சிப்பை மட்டும்தான்.

பதிப்பைப் பற்றி. இன்டெல் மேக்குகளுக்கு ஆப்பிள் தரும் கடைசிப் பதிப்பு 2025-ல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோ. அதற்கு மேல் நம் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஓட எதுவும் வராது. டஹோவிலும் ஒரு சிக்கல் உண்டு: ஆப்பிள்எச்டிஏ என்ற ஆடியோ டிரைவரையே ஆப்பிள் எடுத்துவிட்டது. போர்டில் உள்ள ஆடியோவை உயிர்ப்பிக்கும் ஆப்பிள்ஏஎல்சி கெக்ஸ்ட் அதன் மேல்தான் நிற்கிறது. அதனால் டஹோவில் அந்த டிரைவரைச் சிஸ்டத்துக்குள் திரும்பப் போட வேண்டும், இல்லையேல் யுஎஸ்பி ஆடியோவுக்குப் போக வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் சோனோமாவையோ (மேக்ஓஎஸ் 14) செக்கோயாவையோ (15) குறி வையுங்கள். அதற்கு முந்தைய வெஞ்சுராவே (13) போதும் என்றால் வைஃபை தலைவலி பாதி குறையும்; ஏன் என்று பின்னால் வருகிறது.

கிராபிக்ஸ் கார்டில் தவறினால் திரும்ப வழியே இல்லை. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் வகைகள், அதாவது ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில் பெரும்பாலானவை, 2017-ன் ஹை சியராவோடு நின்றுவிட்டன. அதற்குப் பின் வந்த ஆர்டிஎக்ஸ் எதற்கும் டிரைவர் வரவே இல்லை. ஆகவே ஏஎம்டி. அதிலும் எல்லாம் ஓடாது. ஆர்எக்ஸ் 570, 580 ஓடும். ஆர்எக்ஸ் 5500 எக்ஸ்டி முதல் 5700 எக்ஸ்டி வரை ஓடும். ஆர்எக்ஸ் 6600, 6600 எக்ஸ்டி இரண்டும் மான்டெரே 12.1 முதல் ஓடும். 6800, 6800 எக்ஸ்டி, 6900 எக்ஸ்டி மூன்றும் பிக் சர் 11.4 முதல். நடுவில் இருக்கும் 6700 எக்ஸ்டியில்தான் பலர் விழுகிறார்கள். மேலேயும் கீழேயும் ஓடுகிறதே, இதுவும் ஓடும் என்று எண்ணி வாங்குவார்கள். ஆனால் அதிலிருப்பது நவி 22 சிப்; அந்தச் சிப் எந்த மேக்கிலும் வந்ததில்லை, அதனால் ஆப்பிளின் டிரைவரில் அதற்கு இடமில்லை. நூட்ஆர்எக்ஸ் என்ற கெக்ஸ்டால் அதை ஓட வைக்க முடியும். ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களுக்கு அது உதவி. புதிதாக வாங்குபவர் அந்த வழிக்குப் போகத் தேவையில்லை. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி, 7000 வரிசை முழுவதும் வேண்டாம். 6650 எக்ஸ்டியின் அடையாள எண்ணை 6600 எக்ஸ்டி போலக் காட்டினால் ஓடும்.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருங்கள். "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி" என்று ஒன்று விற்கிறது. பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570-ன் அளவு. அதன் பயாஸ் மாற்றி எழுதப்பட்டிருந்தால் மேக்ஓஎஸ்ஸில் கருந்திரைதான். ஆர்எக்ஸ் 550-லும் இரண்டு சிப் வருகிறது: பாஃபின் என்றால் ஓடும், லெக்ஸா என்றால் தொல்லை. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்குவதானால் கார்டை ஒரு விண்டோஸ் கணினியில் மாட்டி, ஜிபியு-இசட் திரையில் ஷேடர் எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அசல் 580-க்கு 2304 இருக்க வேண்டும்.

ப்ராசஸரில் எங்கள் பரிந்துரை இன்டெல்லின் 10-ஆம் தலைமுறை. ஐ5-10400 போதும்: 6 கோர், 65 வாட். டெஸ்க்டாப்பில் ஆப்பிள் கடைசியாகப் பயன்படுத்திய இன்டெல் தலைமுறை அதுதான், 2020-ன் 27 அங்குல ஐமேக். யுஎச்டி 630 உள் கிராபிக்ஸையும் மேக்ஓஎஸ் அறியும். வீடியோ டீகோடிங்கை அது பார்த்துக்கொள்ளும். 11-ஆம் தலைமுறையின் உள் கிராபிக்ஸ் ஓடாது. 12 முதல் 14 வரையிலும் அப்படியே. அவற்றில் ப்ராசஸர் அடையாளத்தையும் காமெட் லேக் (10-ஆம் தலைமுறை) போல மாற்றிக் காட்ட வேண்டும், தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். எண்ணின் கடைசியில் "எஃப்" இருந்தால் உள் கிராபிக்ஸே கிடையாது. அப்போது எஸ்எம்பயாஸில் (எந்த மேக் மாடல் என்று மேக்ஓஎஸ்ஸுக்குக் காட்டும் அமைப்பு) ஐமேக்20,1-ஐத் தவிர்த்து மேக்ப்ரோ7,1 போடுங்கள். அதில் ரேம் தவறான இடத்தில் மாட்டப்பட்டிருப்பதாக ஓர் எச்சரிக்கை வரும். ரெஸ்ட்ரிக்ட்ஈவென்ட்ஸ் கெக்ஸ்ட் அதை நிறுத்தும்.

ரைசன் வேகமானது, விலையும் குறைவு. கர்னல் பேட்ச்களோடு, அதாவது மேக்ஓஎஸ்ஸின் மையப் பகுதியில் செய்யும் திருத்தங்களோடு, நன்றாகவே ஓடும். பேட்ச் கோப்பில் உங்கள் கோர் எண்ணிக்கையை நீங்களே மாற்ற வேண்டும். ஆனால் மேக்ஓஎஸ்ஸின் ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) ஏஎம்டியில் வேலை செய்யாது. அதைச் சார்ந்த டாக்கர் டெஸ்க்டாப் தேவைப்படும் நிரலாளர் ரைசன் பக்கம் போகக் கூடாது. சில அடோபி மென்பொருள்களும் பேட்ச் இல்லாமல் முறிந்து விழும்.

இப்போது போர்டு. 10-ஆம் தலைமுறைக்கு இசட்490, எச்470, பி460 போர்டுகள் சரி. பி560-லும் அந்த ப்ராசஸர் உட்காரும். ஆனால் ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த முதல் எம்.2 ஸ்லாட் அதில் செயல்படாது. எஸ்எஸ்டியை இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பல பேருடைய பிரச்சினை இந்த ஒரு ஸ்லாட்தான். பழைய 8, 9-ஆம் தலைமுறை கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வு. பி360, எச்310, இசட்390 போர்டுகளில் என்விரேம் (பூட் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) வேலை செய்ய எஸ்எஸ்டிடி-பிஎம்சி என்ற கோப்பு வேண்டும். இசட்370-க்கு வேண்டாம், அதன் உள்ளே இருப்பது முந்தைய 200 வரிசைச் சிப்செட்.

போர்டின் விவரப் பக்கத்தைத் திறந்து நேரே "லேன்" என்ற வரிக்குப் போங்கள். இன்டெல் ஐ219-வி என்றிருந்தால் இன்டெல்மௌசி கெக்ஸ்ட், வேலை முடிந்தது. ரியல்டெக் 8111-க்கும் 2.5 ஜிகாபிட் 8125-க்கும் தனித்தனி கெக்ஸ்ட் உண்டு, இரண்டும் நம்பலாம். இன்டெல் ஐ225-வி பல இசட்490 போர்டுகளில் வருகிறது. மேக்ஓஎஸ் பதிப்புக்குப் பதிப்பு அதை ஓட்டும் முறை மாறியிருக்கிறது, பூட் ஆர்கியுமென்டும் (பூட் ஆகும்போது கொடுக்கும் கட்டளைச் சொல்) சேர்க்க வேண்டிவரும். முடிந்தால் அது இல்லாத போர்டைப் பாருங்கள். ஒரே போர்டு வேறு ரிவிஷனில் வேறு லேன் சிப்போடு வரக்கூடும், அதனால் ரிவிஷன் எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆடியோவில் கோடெக், அதாவது ஆடியோ சிப்பின் பெயரைப் பாருங்கள்: ஏஎல்சி897, ஏஎல்சி1200, ஏஎல்சி1220 எல்லாம் ஆப்பிள்ஏஎல்சி பட்டியலில் இருப்பவை. கோடெக்கின் இணைப்பு அமைப்பைக் குறிக்கும் லேஅவுட் எண்ணை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

யுஎஸ்பிதான் பலரும் கடைசிவரை படிக்காமல் விடும் பாடம். மேக்ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட் வரைதான் ஏற்கும். நீல நிற யுஎஸ்பி 3 துளை ஒன்றை அது இரண்டாக எண்ணும்: 2.0-க்கு ஒன்று, 3.0-க்கு ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் 4 நீலம், முன்பக்கம் 2 நீலம்: 12. பின்பக்கம் 2 கருப்பு: 2. போர்டின் மேல் இரண்டு 2.0 ஹெடர், ஒவ்வொன்றிலும் 2 போர்ட்: 4. ஆக 18. மூன்றை நீக்கியாக வேண்டும். யுஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற கருவியை விண்டோஸிலேயே ஓட்டி, ஒவ்வொரு துளையிலும் ஒரு 2.0 பென்டிரைவையும் ஒரு 3.0 பென்டிரைவையும் செருகிப் பெயரிடுங்கள். ப்ளூடூத் இருக்கும் போர்ட்டின் வகையை 255 என்று, அதாவது உள் இணைப்பு என்று குறியுங்கள். அப்படிக் குறிக்காவிட்டால் ஸ்லீப் போன கணினி தானே விழித்துக்கொள்ளலாம். விளக்கு அலங்காரக் கன்ட்ரோலரும் ஒரு போர்ட்டைத் தின்றுகொண்டிருக்கும். நீக்குவதற்கு முதல் ஆள் அதுதான்.

வைஃபைக்கு ஃபென்வி டி919 போன்ற பிராட்காம் கார்டுகள் வெஞ்சுரா வரை எதுவும் செய்யாமலே ஓடின, ஏர்டிராப் உட்பட. சோனோமாவில் ஆப்பிள் அந்த டிரைவரை நீக்கியது. இப்போது ஓப்பன்கோர் லெகசி பேட்ச்சர் என்ற கருவியால் சிஸ்டத்தைப் பேட்ச் செய்ய வேண்டும், அதற்குச் சிஸ்டம் கோப்புகளைக் காக்கும் எஸ்ஐபி பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டும் முழு அளவில் இறங்கும், பேட்ச்சையும் மறுபடி போட வேண்டும். இன்டெல் வைஃபைக்கு ஐடிஎல்டபிள்யூஎம் கெக்ஸ்ட் இருக்கிறது. இணையம் கிடைக்கும், ஏர்டிராப் கிடைக்காது. ஐஃபோன் இல்லாதவர்களுக்கு இன்டெல்லே போதும். ஃபென்வி வாங்கினால் அதன் ப்ளூடூத் கேபிளுக்கு 9 பின் யுஎஸ்பி 2.0 ஹெடர் ஒன்று காலியாக வேண்டும். அதையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டியில் தவிர்க்க வேண்டியவை சாம்சங் பிஎம்981, பிஎம்991, மைக்ரான் 2200எஸ். மூன்றும் லேப்டாப்பில் இருந்து கழற்றி மலிவாக விற்கப்படுபவை, மூன்றும் கர்னல் பேனிக் (சிஸ்டமே நொறுங்கி விழுவது) தரும். பிஎம்991 விண்டோஸுக்காகப் பக்கத்து ஸ்லாட்டில் சும்மா இருந்தாலே மேக்ஓஎஸ் விழும். 970 இவோ ப்ளஸ் என்றால் ஃபர்ம்வேரை முதலில் புதுப்பியுங்கள். மான்டெரே முதல் சாம்சங் டிரைவ்களில் டிரிம் வேலை (அழித்த இடங்களைச் சுத்தம் செய்வது) பூட் ஆவதைத் தாமதமாக்குகிறது. டபிள்யூடி பிளாக் எஸ்என்750, எஸ்என்770 தொல்லை தராதவை.

பவர் சப்ளை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், ஒரு 8 பின் கேபிள்; நல்ல 500 வாட் யூனிட் தாராளம்.

பாகம் வந்ததும் பயாஸ். ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட், சிஎஸ்எம், சிஎஃப்ஜி லாக் நான்கையும் அணையுங்கள். சேட்டா முறை ஏஎச்சிஐ. இன்டெல் ஆர்எஸ்டியில் விட்டால் டிரைவே தெரியாது. அபவ் 4ஜி டீகோடிங்கை இயக்குங்கள். மேக்ஓஎஸ்ஸைப் பூட் செய்யும் ஓப்பன்கோர் என்ற மென்பொருளுக்கான கான்ஃபிக் கோப்பை, டோர்டானியா என்ற இணைய வழிகாட்டியின் உங்கள் தலைமுறைப் பக்கத்தை வைத்து வரிக்கு வரி நீங்களே எழுதுங்கள். லிலு, வர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன் மூன்றும் அடிப்படைக் கெக்ஸ்ட்கள். எழுதி முடித்ததும் ஓசிவேலிடேட் என்ற சோதனைக் கருவியில் சோதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் வேறொருவரின் ஈஎஃப்ஐ ஃபோல்டரை (ஓப்பன்கோரும் கெக்ஸ்ட்களும் கான்ஃபிக்கும் இருக்கும் ஃபோல்டர்) அப்படியே போடாதீர்கள். யுஎஸ்பி வரைபடம் அவருடைய போர்டுக்கு உரியது. சீரியல் எண்ணும் அவருடையது; இருவர் அதே எண்ணில் ஐகிளவுடில் நுழைந்தால் கணக்கு முடங்கும்.

முதல்முறை வெர்போஸ் முறையில் (ஒவ்வொரு படியும் திரையில் எழுத்தாக வரும் முறை) பூட் செய்து, எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். "எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்"டில் நின்றால் கான்ஃபிக்கின் பூட்டர் அமைப்புகள், சிஎஃப்ஜி லாக் இரண்டையும் சரிபாருங்கள். "பிசிஐ கான்ஃபிகரேஷன் பிகின்" என்ற வரியில் நின்றால் அபவ் 4ஜி. "வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்" என்றால் பெரும்பாலும் யுஎஸ்பி போர்ட், பென்டிரைவை 2.0 துளைக்கு மாற்றுங்கள். எல்லாம் ஓடி முடிந்து ஆர்எக்ஸ் 5000, 6000 கார்டில் திரை மட்டும் கருத்துப்போனால் ஏஜிடிபிமோட்=பிகெரா என்ற பூட் ஆர்கியுமென்ட் விடுபட்டிருக்கிறது.

நிறுவல் முடிந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஈஎஃப்ஐ ஃபோல்டரை ஒரு தனிப் பென்டிரைவில் எஃப்ஏடி32 முறையில் நகலெடுத்து, அதிலிருந்து ஒருமுறை பூட் ஆகிறதா என்று பாருங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள். புதிய பதிப்பு வந்தால் முதலில் ஓப்பன்கோரையும் லிலுவையும் அதைச் சார்ந்த கெக்ஸ்ட்களையும் அந்தப் பென்டிரைவில் புதுப்பித்து, அதிலிருந்து பூட் ஆன பிறகே உள்டிரைவில் கை வையுங்கள்.