கறிவேப்பிலையில் ஒன்று, நந்தியாவட்டையில் ஒன்று

எங்கள் கொல்லையில் கறிவேப்பிலையும் நந்தியாவட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். நந்தியாவட்டைக்கு வருவது ஓலியாண்டர் ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சி. முன்னதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். பின்னதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது.

எலுமிச்சை அழகியின் புழு சின்னதாக இருக்கும்போது பார்ப்பதற்குப் பறவை எச்சம்தான். தின்ன வரும் குருவியிடமிருந்து தப்ப அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு சிவப்புக் கொம்பை நீட்டும், குப்பென்று நெடி அடிக்கும். கடைசியில் இடுப்பைச் சுற்றிப் பட்டு நூல் ஓட்டி, குச்சியோடு தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும்.

நந்தியாவட்டைப் புழு விரல் தடிமன் வரும். பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, பின்பக்கம் மஞ்சளாகக் குட்டிக் கொம்பு. மிரண்டால் தலையை உள்ளே இழுத்து முன்னுடலை உப்ப வைக்கும். நீல நிறத்தில் இரண்டு பெரிய கண்கள் முறைக்கும். நிஜக் கண்கள் அல்ல, வெறும் புள்ளிகள். மாடு தின்றால் செத்துப்போகும் அரளி இலையைக்கூட இது சாப்பாடாகத் தின்று வளரும்!

பக்கத்து வீட்டு அத்தை, "கம்பளிப்பூச்சி, தொடாதே, அரிக்கும்டி" என்பார். இரண்டு புழுவுக்குமே மயிர் கிடையாது, அரிக்காது. கையில் ஏற்றிக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

முற்றிய ஹாக் மாத் புழு பச்சை போய்ப் பழுப்பாகும். செடியை விட்டு இறங்கி, தரையில் சருகுக்கு அடியில் புகுந்து கூட்டுப்புழு ஆகும். எனக்குக் கவலையே இந்த இடத்தில்தான். தினமும் சருகைக் கூட்டிக் கொளுத்துகிற வீட்டில் எலுமிச்சை அழகி எப்படியோ பிழைத்துக்கொள்ளும். அந்துப்பூச்சி வெந்துபோகும்.

பிழைத்து வெளியே வந்தால் என்ன அழகு தெரியுமா! பச்சையில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் இழையோடும் இறகு. எலுமிச்சை அழகி காலை வெயிலில் காய்ந்து உடம்பைச் சூடேற்றும். இதற்கோ வெயில் கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் இறகை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டுதான் கிளம்பும். பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீளமான உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும்.

நந்தியாவட்டைத் தூரில் நான் சருகைப் பெருக்குவதில்லை. உங்கள் வீட்டிலும் அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவையுங்கள்.