ராத்திரி என்ன சாப்பிட்டாய்?

அந்தக் கேள்வியில் தவறில்லை; சர்க்கரை நோய்ப் பிரிவில் எந்தச் செவிலியரும் கேட்பதுதான். ஆனால் அந்தப் பதினான்கு வயதுப் பையனின் நோட்டில், படுக்கும்போது சர்க்கரை 140, விடிந்தால் 260 என்று ஒரு வாரமாக எழுதியிருந்ததைப் பார்த்து, அவன் ஒளித்துத் தின்கிறான் என்று முடிவு கட்டிய பிறகே நான் கேட்டேன். "ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்" என்றான். அரைநாள் கொழுந்துக் கூலியை விட்டுவிட்டுக் கோத்தகிரிக்கு அவனைக் கூட்டி வந்திருந்த அம்மா, என்னை நம்பி அவனை முறைத்தார்.

வளரும் வயதில் வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாகச் சுரக்கிறது. அது இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துவதால், எதுவும் உண்ணாமலே விடியற்காலையில் சர்க்கரை ஏறக்கூடும். இது எனக்குத் தெரியாததல்ல. அதே மாதத்தில் இரண்டு பிள்ளைகள் வர்க்கியை ஒளித்துத் தின்றதை ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தால் போதும். அதை நான் சொல்லவில்லை.

நான்காம் நாள் வாந்தியோடு வந்தான். நீண்டு இழுத்த மூச்சில் அழுகிய பழ வாடை. சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை பதினைந்து விநாடிக்குள் கருஞ்சிவப்பாகிவிட்டது. மூன்று இரவுகளாகச் சாப்பாட்டையும் இன்சுலின் ஊசியையும் சேர்த்தே விட்டிருக்கிறான். "சாப்பிடாதவனுக்கு ஊசி எதுக்கு? நான் திங்கலன்னு உங்களுக்குத் தெரியட்டும்னுதான் சிஸ்டர்" என்றான்.

பட்டினி கிடந்தால் யாருக்கும் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்னும் மாற்று எரிபொருளைச் செய்கிறது; பட்டை காட்டியது அவற்றைத்தான். நீண்ட பட்டினியில் மூளையே அவற்றை எரித்துத்தான் தாக்குப்பிடிக்கிறது. நமக்கு அது ஆபத்தாகாமல் இருப்பதற்குக் காரணம், இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு இன்சுலின் பிடிக்கும் கடிவாளம். ஊசியையும் விட்டுவிட்ட அவனிடம் அந்தக் கடிவாளமும் இல்லை. வளர்ச்சி ஹார்மோனோ கொழுப்பைக் கரைத்துக்கொண்டே இருந்தது. பசித்தவர்களைக் காப்பாற்றும் அதே பொருள் அவன் இரத்தத்தை அமிலமாக்கியது. சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது என்பதை அவனுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம் என்று பதிவேட்டில் இருக்கிறது. அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. அதைப் பார்த்து ஆறுதல் கொள்ளவும் முயன்றேன்.

சலைனும் இன்சுலினும் ஏறி, மாலைக்குள் அவன் மூச்சு சீரானது. பட்டையின் நிறம் மட்டும் குறையவில்லை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு பயந்தார். குணமாகும்போது இரத்தத்திலுள்ள ஒருவகைக் கீட்டோன் இன்னொன்றாக மாறுகிறது, பட்டைக்குத் தெரிவது அந்த இரண்டாவது மட்டும்தான், அதனால் நிறம் உடனே இறங்காது என்று நிதானமாக விளக்கினேன். "அப்ப அவன் திருடித் திங்கலயா சிஸ்டர்?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். அதைப் பையன் விழித்திருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான், எழுந்தபோது என் பணிநேரம் முடிந்திருந்தது.