பரீட்சை முடியட்டும் என்றேன்

"வாசித்தால் நானும் அப்படிச் செய்துவிடுவேன் என்றா நினைக்கிறீர்கள், ரீச்சர்?"

அந்தப் பிள்ளை இதைக் கேட்டு இரண்டு வருடங்கள் ஆகின்றன. "சீ, இல்லை. சாதாரண தரப் பரீட்சை வருகிறதல்லவா, முடியட்டும், தருகிறேன்" என்றேன். பரீட்சைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் கொடுக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து பழைய மாணவி ஒருவர் அனுப்பிய பெட்டியில் வந்த புத்தகம் அது. ஜே ஆஷர் 2007இல் எழுதிய 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை'. உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மாணவி, அதற்குக் காரணம் என்று தான் கருதியவர்களுக்காக ஒலிநாடாக்களில் பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் வாசித்துவிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பெட்டி பிரிக்கும்போது உதவிக்கு நின்ற அந்தப் பிள்ளை அட்டையைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

பூட்டியது பிழை என்று இன்றைக்கும் என்னால் முழுமனதோடு சொல்ல முடியவில்லை. உயிரோடு இருந்தபோது அவளைக் கேளாதவர்கள் எல்லோரும் அந்தக் கதையில் அவள் போன பிறகு இருந்து கேட்கிறார்கள். மனம் நொந்த பதினாறு வயதுக்கு இதைவிட ஆபத்தான ஆசையை ஊட்ட முடியாது. அவர்கள் அழுவதைப் பார்க்க அவள் அங்கே இருக்கமாட்டாள் என்பது அந்த வயதுக்கு உறைப்பதில்லை. 2017இல் இக்கதை தொடராக வந்தபோது எழுந்த எதிர்ப்பினால், அவள் இறக்கும் காட்சியை 2019இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே நீக்கிவிட்டது. பயந்தவள் நான் ஒருத்தி மட்டும் அல்ல.

ஆனால் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போதெல்லாம், காதலன் கப்பலேறியதும் உயிரை விட்ட ஒல்லாந்துப் பெண்ணின் கதையை நானே உருகி உருகிச் சொல்லியிருக்கிறேன். அவள் பின்னர் மறுமணம் செய்து வாழ்ந்ததாக ஆவணம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவள் வாழ்ந்தாள் என்பதில் என்ன குறை கண்டேன்?

அந்தப் பிள்ளை கேட்ட அன்று இரவு அந்த நாவலின் கடைசிப் பகுதியை மறுபடி வாசித்தேன். கடைசி ஒலிநாடா ஓர் ஆசிரியரைப் பற்றியது. ஆங்கிலம் கற்பிப்பவர், மாணவர் ஆலோசனையையும் சேர்த்துப் பார்க்கிறார். அவள் அவரிடம்தான் கடைசியாகப் போகிறாள். அவர் கெட்டவர் அல்ல. கேட்க வேண்டியதை நேராகக் கேட்காமல் சுற்றி வளைக்கிறார். அவள் எழுந்து வெளியேறுகிறாள். பின்னால் வருவாரா என்று பார்க்கிறாள். அவர் வரவில்லை.

"சாக வேண்டும் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா?" என்று ஒரு பிள்ளையிடம் நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, பல வேளை ஆறுதலாகவே இருக்கும். ஆலோசனைப் பயிற்சியில் இதைத்தான் படித்தேன், குறிப்பும் எழுதினேன். அந்தப் பிள்ளையோ அந்தக் கேள்வியைப் பாதி தூரம் தானே கொண்டுவந்து வைத்தாள். மீதியை நான் கேட்டிருக்கலாம். இடைவேளை நேரம், மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லோர் முன்னிலும் எப்படிக் கேட்பது? இந்த நியாயம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் மறுநாள் தனியாகக் கூப்பிட்டிருக்கலாமே. அதற்கடுத்த நாளும் இருந்தது.

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சும்மா புத்தக ஆசையாகவும் இருந்திருக்கலாம். நல்ல பெறுபேறு எடுத்தாள், இப்போது உயர்தரம் படிக்கிறாள். அதை வைத்து என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். பெறுபேற்றில் அதெல்லாம் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐப் பெரிதாக எழுதி நூலகக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கச்சான் காற்றுக்கு அதன் மூலை அடிக்கடி கழன்றுவிடும். போன கிழமை அவள் வந்தாள். கழன்றிருந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"பரீட்சை எப்போதோ முடிந்துவிட்டது, ரீச்சர்."

நூலகத்தில் வேறு ஒருவரும் இல்லை.

"அலுமாரித் திறப்பு வீட்டில் இருக்கிறது, பிள்ளை" என்றேன். அது என் கைப்பைக்குள் இருந்தது.