197

மார்ச் 3
கம்ப்யூட்டர் மறுபடியும் ஹேங். என்ன ஓடுகிறது என்று காட்டும் டாப்பில் பார்த்தால் லோடு, அதாவது ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி, 14, சிபியு சும்மா கிடக்கிறது. கொஞ்ச நேரம் குழம்பி, அப்புறம்தான் ஞாபகம் வந்தது, லினக்ஸில் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் ப்ராசஸும் லோடு கணக்கில் சேரும். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டால் வரிசையாக ‘டி’ நிலை, அந்தக் காத்திருப்புதான். கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 கொடுத்தும் ஒன்றுகூட அசையவில்லை, எல்லாம் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வேறு வழியில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். மனசே இல்லை.

மார்ச் 4
டிஸ்க்கின் கேபிளாக இருக்கட்டும்.

மார்ச் 5
கேபிள் இல்லை. புதுசு போட்டும் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜியில் அதே ஐ/ஓ எரர், டிஸ்க்கில் அதே செக்டார், அதே சிறு பகுதி. டிஸ்க் தன் உடல்நிலையை எண்களாகக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையை முதலிலேயே பார்த்திருக்கவேண்டும். கேபிள் கோளாறு என்றால் அதில் 199-ஆம் வரி ஏறியிருக்கும், அது 0-வில் நிற்கிறது. 197-ஆம் வரியில் 8. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள். இந்த டிஸ்க்கில் நிஜத்தில் ஒரு துண்டு 4096 பைட், 512-ஆக எண்ணினால் எட்டு, ஆகவே கெட்டது ஒரே ஒரு துண்டு. ஒன்றுதானே. இன்றைக்கு மட்டும் பத்துத் தடவை பார்த்துவிட்டேன்.

மார்ச் 6
197-இல் 24.

மார்ச் 7
காலையில் எதையும் சேமிக்க முடியவில்லை, ஃபைல்சிஸ்டம் தானாகவே ரீட்-ஒன்லிக்குப் போய்விட்டது. நல்லதுதான், அது தன்னைக் காத்துக்கொள்கிறது. ஃபைல்சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே போட்டுவிடலாம் என்று கை போனது. கூடாது. சாகிற டிஸ்க்கில் அது எழுத ஆரம்பித்தால் இருப்பதும் போகும், பழுது பார்ப்பதெல்லாம் நகலில்தான். அக்கா போன் செய்தாள். பதிவுகள் பத்திரம்தானே என்றாள். ம் என்றேன்.

மார்ச் 8
யுஎஸ்பியில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ ஓடுகிறது. முதலில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அதற்குத் திரும்பும். எங்கே விட்டது என்பதை மேப் ஃபைலில் குறித்துவைக்கும், அதனால் நிறுத்தினாலும் பயமில்லை. நான் நிறுத்தவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கெட்ட இடம் வரும்போது டிஸ்க் டக், டக் என்கிறது, வேகம் 0 ஆகிறது, நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

மார்ச் 9, விடியற்காலை
99.99 சதவீதம். கெட்ட மூன்றில் ஒரு துண்டு மறு முயற்சியில் வந்துவிட்டது! பாக்கி 8 கேபி.

மார்ச் 9, இரவு
எந்த ஃபைல் என்று தெரிந்தே ஆகவேண்டும். செக்டார் 1287634952, பார்ட்டிஷன் தொடங்கும் 2048-ஐக் கழித்து எட்டால் வகுத்தால் ஃபைல்சிஸ்டத்தின் கணக்கில் பிளாக் 160954113. நகலை ஃபைல்சிஸ்டத்தின் உள்ளே பார்க்கும் டிபக்எஃப்எஸ்ஸில் திறந்து, பிளாக் யாருடையது என்று சொல்லும் ஐசெக் கொடுத்தேன், யாருக்கும் சொந்தமில்லாத காலி இடம். கண் கலங்கிவிட்டது. இரண்டாவதற்கு ஒரு ஐநோடு எண், ஏதோ ஒரு ஃபைலின் உள் அடையாளம், வந்திருக்கிறது. அதன் பெயரைத் தேட என்செக் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு டைரக்டரியாகத் துழாவும், நேரம் பிடிக்கும். ஏதாவது பழைய லாக் ஃபைலாக இருக்கட்டும்.